நான் கை தட்டிய எட்டுக் கிலோ

எடை ஏறினால் கை தட்டும் பழக்கம் நம் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. குழந்தைக்கு ஏறினால் தட்டுவோம், கர்ப்பிணிக்கு ஏறினால் தட்டுவோம். புற்றுநோய் வைத்தியம் முடித்து எலும்பும் தோலுமாக ஊர் திரும்பியவர்களுக்கு ஏறினால் சொல்லவே வேண்டாம். நானும் தட்டினேன். என் முப்பத்தொரு வருட வேலையில் அந்தக் கைதட்டலுக்காக வெட்கப்பட்ட அளவுக்கு வேறு எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதித் தரச் சொன்னார்கள். இதயத்தைக் காக்கும் பத்து வழிகள் என்று எழுதினால் நன்றாக இருக்கும் என்றார்கள். பத்து வழியும் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கின்றன, அதிலேயே படித்துக்கொள்ளுங்கள். நான் பூங்காவனத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு ஊரில் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். துணை சுகாதார நிலையம் என்று பெயர், உள்ளே இரண்டு அறை, ஒரு எடை எந்திரம், வெளியே ஒரு வேப்பமரம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகாத காலம் அது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். கோபம் வந்தது உண்மைதான், வேலையும் ஒழுங்காக நடந்தது.

பூங்காவனம் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற கூலிக்காரி. எனக்கு ஒன்றிரண்டு வயது சின்னவள். இடது மார்பில் கட்டி வந்து, அறுவை முடிந்து, பிறகு சிவப்பு மருந்து என்று எல்லோரும் சொல்கிற ஊசி மருந்தை ஏற்றி, கடைசியாகக் கரண்டு என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சும் வைத்து, முழுசாக ஒரு வருடம் போராடிவிட்டு ஊருக்கு வந்தாள். வந்தபோது முப்பத்தெட்டுக் கிலோ. அவள் புருஷன் ஏழுமலை அவளை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. "உசுரோட வூட்டுல இருந்தா போதும் நர்சம்மா, நான் பாத்துக்கறேன்" என்பான். நல்ல மனுஷன். பயந்த மனுஷன்.

முதல் வருடம் மெதுவாக நான்கு கிலோ ஏறியது. அதற்குப் பிறகுதான் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் போனது. நாற்பத்திரண்டாக இருந்தவள் அடுத்த மாதம் நாற்பத்துநான்கு, அதற்கடுத்த மாதம் நாற்பத்தாறு, பிறகு நாற்பத்தெட்டு, நான்காம் மாதம் ஐம்பது. ஒவ்வொரு மாதமும் எந்திரத்தில் அவள் ஏறி நின்றதும் நான் உரக்கப் படித்துக் கை தட்டுவேன். வேப்பமரத்தடியில் காத்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து தட்டுவார்கள். பூங்காவனம் கல்யாணப் பெண் போலத் தலையைக் குனிந்துகொண்டு இறங்குவாள்.

ஒரு நாள் தன் காலை நீட்டிக் காட்டினாள். "மெட்டி பத்தல நர்சம்மா. வெரல இறுக்கிக்கினு கழட்டவே வரல, தட்டான் கிட்ட போயி வெட்டி எடுத்தேன். ஒடம்பு தேறிடுச்சு பாருங்க" என்றாள்.

நான் சிரித்தேன். "பெரிய சைசுல வாங்கிப் போடச் சொல்லு உன் வூட்டுக்காரன" என்றேன்.

அவள் கன்னம் ஒட்டிப்போய்த்தான் இருந்தது. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டுதான் இருந்தது. உடம்பு தேறியிருந்தால் அங்கேயும் சதை வந்திருக்க வேண்டாமா? கால் மட்டும் தேறுமா? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. எந்திரத்தின் முள்ளைப் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "நடந்தா மூச்சு இளைக்குதுங்க" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது. பிரஷர் சரியாக இருந்தால் இதயமும் சரி என்று ஒரு மூடநம்பிக்கை எனக்கு. "அவ்வளவு மருந்து ஏத்தியிருக்காங்க, அசதி இருக்கத்தான் செய்யும், ரெஸ்ட் எடு" என்று அனுப்பிவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த கோப்பு என் மேசையிலேயே இருந்தது. பதினான்கு பக்கம். முதல் பக்கத்தில் சிகிச்சை முடிந்தது என்று இருந்ததைப் படித்துவிட்டு மூடிவைத்தேன். அந்தச் சிவப்பு மருந்து இதயத் தசையைத் தளர்த்தக்கூடும், இடது பக்கம் கரண்டு வைத்ததும் அதோடு சேரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று பதினோராம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். எழுதினவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. பக்கத்தைப் புரட்டாதவள் நான்.

அந்த வருடம் ஊரில் தீமிதித் திருவிழா வந்தது. நோய் தீர்ந்தால் தீ மிதிக்கிறேன் என்று பூங்காவனம் அம்மனுக்கு வேண்டியிருந்தாள். நான்தான் தேறிவிட்டாய் என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தேனே, கடனைச் செலுத்த வேண்டியதுதான் என்று காப்புக் கட்டிக்கொண்டாள். மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு, வலது மணிக்கட்டில். அந்த ஊர் வழக்கப்படி காப்புக் கட்டியவர்கள் பத்து நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. பத்தாம் நாள் மாலை தீக்குழி.

மூன்றாம் நாள் உச்சி வேளையில், காப்புக் கட்டியவர்களுக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்துவிடலாம் என்று கோயில் பந்தலுக்குப் போனேன். பூங்காவனம் ஒரு மூங்கில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளிறியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

"இன்னா பண்ணுது?"

"ஒண்ணும்... இல்லீங்க." ஒரு மூச்சு. "வெரதம்... இல்ல?" இன்னொரு மூச்சு.

ஏழுமலை பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தான். "பத்து நாளா படுக்கவே முடியலீங்க. படுத்தா அடைக்குதாம். நெல்லு மூட்டையில சாஞ்சிக்கினு உக்காந்தபடியே தூங்குறா" என்றான்.

குனிந்து அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். பிசைந்த மாவில் அழுத்தியது போலப் பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் எழும்பவில்லை. நான் கை தட்டிய எட்டுக் கிலோவும் என்னவென்று அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

வடக்கனந்தலுக்கு ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டு, கள்ளக்குறிச்சியில் இருந்த ஒரு டாக்டரைக் கைபேசியில் கூப்பிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண். அதுவரை அந்தப் பெண்ணின் பேச்சை நான் பெரிதாக மதித்ததில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அவர் பதறவில்லை. "படுத்தா மூச்சு அடைக்குதா? கால்ல பள்ளம் விழுதா? எடை எவ்வளவு நாள்ல ஏறுச்சு?" என்று மூன்றே கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். "இதயம் தளர்ந்துபோய் தண்ணி தேங்கியிருக்கு. உடனே அனுப்புங்க. நாளைக்குன்னா தாங்காது" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. பூங்காவனம் எழுந்திருக்கவில்லை. காப்புக் கையை மடியில் வைத்து மற்றொரு கையால் மூடிக்கொண்டாள்.

"எல்லை தாண்ட மாட்டேன்."

எனக்கு வழக்கமான கோபம் வந்தது. கத்தினேன். செத்துப்போவே என்று சொன்னேன், மூடநம்பிக்கை என்று சொன்னேன், போலீசைக் கூப்பிடுவேன் என்றுகூடச் சொன்னேன். கூட்டம் கூடிவிட்டது. நான் கத்தக் கத்த அவள் முகம் இறுகியது. ஏழுமலை என் காலில் விழாத குறையாக இருந்தான். அவன் சொல்லியும் அவள் கேட்கவில்லை. அத்தனை வருடமும் என்னை நீங்க என்று கூப்பிட்டவள் முதல் முறையாக மரியாதையைக் கீழே போட்டாள்.

"நீதான... சொன்ன தேறிட்டேன்னு. கை தட்டுன இல்ல? ஆத்தா குடுத்த ஒடம்பு இது. இப்ப ஓடிட்டா... குடுத்தத அவ எடுத்துக்குவா."

ஓட்டுநர் மணியைப் பார்த்தார். நான் சற்றுத் தள்ளிப்போய் டாக்டரை மறுபடி கூப்பிட்டேன், வர மாட்டேன் என்கிறாள், என்ன செய்வது என்று. அந்தச் சின்னப் பெண் சொன்னார்: "அவங்க சாமிய நம்பி உட்காரலீங்க சிஸ்டர். நீங்க சொன்னத நம்பி உட்கார்ந்திருக்காங்க. அத நீங்கதான் திருப்பி வாங்கணும்."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். அந்த ஊரோடு சேர்த்து ஆறு ஊர் என் பொறுப்பு. பிரசவத்துக்கு எங்கே போவது, பிள்ளைக்கு ஊசி போடலாமா, எல்லாம் என் ஒரு சொல்லில் நடந்தது. தப்பு என்று அத்தனை பேர் முன்னால் சொன்னால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு மிஞ்சும் என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன், உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவள் உயிருக்கும் என் பேருக்கும் நடுவில் அரை நிமிடம் நின்றேன். அந்த அரை நிமிடம் இன்றைக்கும் எனக்கு உறுத்தும்.

பிறகு போய் அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தேன்.

"பூங்காவனம், நான் தப்பா சொல்லிட்டேன். நீ தேறல. ஏறுனது சதை இல்ல, தண்ணி. உன் இருதயத்துக்கு தண்ணிய வெளிய தள்ள தெம்பில்ல. கட்டிய கரைச்ச மருந்துதான் இருதயத்தையும் களைக்க வச்சுடுச்சு. காகிதத்துல எழுதியிருந்தாங்க, நான் படிக்கல. படிக்காம கை தட்டிட்டேன்."

பின்னாலிருந்து ஒரு ஆள், "நர்சு பேச்ச நம்புனா இப்டித்தான்" என்றான். நியாயம்தான்.

பூங்காவனம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப... சதை இல்லியா?" என்றாள். "நாலு மாசமா... ஊரெல்லாம் காட்டிக்கினு திரிஞ்சனே." அவள் கண்ணில் நீர் வந்தது. எனக்கும் வந்தது. நான் துடைக்கவில்லை.

கோயில் பூசாரி அதுவரை கூட்டத்தோடு நின்றிருந்தார். இப்போது முன்னால் வந்தார். "காப்ப அவுத்துப் போடக்கூடாது, அவ்ளோதான். ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்திக் கட்டலாம். சாவு வுழுந்த வூட்டுல அப்டி மாத்தியிருக்கோம். வாங்கிக்கிறவங்க எல்லை தாண்டாம காக்கணும். ஆனா ஒண்ணு, தீயில எறங்க வேண்டியது வேண்டுன காலுதான். அது இந்த வருசம் ஆவலன்னா அடுத்த வருசம் வரணும். ஆத்தா காத்திருப்பா."

ஏழுமலை கையை நீட்டினான். "நீ கட்டிக்கினா எங்கூட யாரு வருவா?" என்று அவனைத் தட்டிவிட்டாள் பூங்காவனம். ஆஸ்பத்திரியில் கூட இருக்க அவனை விட்டால் ஆள் இல்லை. கூட்டத்தில் நான்கைந்து பெண்கள் முன்வந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ கட்டிக்க."

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கையை நீட்டினேன். பூசாரி மாற்றிக் கட்டினார். வண்டியில் ஏற்றும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

அப்புறம் ஏழு நாள் நான் அந்த ஊரைவிட்டு நகரவில்லை. திருவிழாக் கூட்டத்துக்கு அங்கேயே பணி பாருங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து என் வீட்டுக்காரர் மாற்றுப் புடவையைக் கொண்டுவந்து எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று நீட்டினார். "அடுத்து சாமி ஆடுவியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஏழு நாளும் ஊரார் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பதினைந்து வருடமாக அவர்களிடம் உப்பைக் குறை, உப்பைக் குறை என்று சொல்லி வந்தவள் நான். அப்போதுதான் முதல் முறையாக அவர்கள் தட்டில் சாப்பிட்டேன். கூழில் ஒரு கை உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், அது தீர்ந்தால் மோர் மிளகாய். விரதம் இல்லாத நாளில் கருவாடு. பூங்காவனமும் இதைத்தான் தின்றிருப்பாள், வெயிலுக்குச் செம்பு செம்பாக நீராகாரம் வேறு குடித்திருப்பாள். தண்ணீர் தேங்காமல் என்ன செய்யும்? அதற்குப் பிறகு உப்பைக் குறை என்று யாரிடமும் மொட்டையாகச் சொன்னதில்லை. கூழில் உப்பைக் குறைத்துப் போடு, ஊறுகாய்க்குப் பதிலாக வெங்காயத்தைக் கடித்துக்கொள், கருவாட்டைத் திருவிழாவுக்கு வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன். அப்படிச் சொன்னால் செய்கிறார்கள்.

பூங்காவனம் திரும்பி வந்தபோது நாற்பத்துமூன்று கிலோ. வேப்பமரத்தடிப் பெண்கள் எந்திரத்தைச் சுற்றி நின்றார்கள், தட்டுவதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. தினம் காலையில் கூழ் குடிக்கும் முன்னால் எடை பார்க்க வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படித்தேன். அவளுக்கும் படித்துக் காட்டினேன். மாத்திரை மூன்று வேளை, ஒரு வேளைகூட விடக்கூடாது. தினமும் நடக்க வேண்டும்.

நடக்க வேண்டும் என்றதும் ஏழுமலை குறுக்கே விழுந்தான். "இருதயம் கம்மியா வேல செய்யுதுன்னு சொல்றீங்க, அப்பறம் நடக்க சொன்னா எப்டீங்க?"

"உக்கார வச்சா இன்னும் கம்மியாயிடும். கூட நட, பேசிக்கினே நட. பேச முடியாம மூச்சு வாங்குனா நின்னுக்கோ. அவ்வளவுதான் கணக்கு" என்றேன்.

கோமுகி வாய்க்கால் ஓரம் நடந்தார்கள். முதல் மாதம் முதல் மதகு வரைக்கும். மழைக்காலம் முடிந்தபோது இரண்டாவது மதகு. பொங்கலுக்கு மூன்றாவது மதகுக்குப் போய்த் திரும்பி வந்து, வழியில் என் அறை வாசலில் நின்று, "இன்னும் நாலாவது பாக்கி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நடந்தது இதயத்துக்காக இல்லை. அடுத்த வருடம் பத்தடி தீக்குழிக்காக.

தீ மிதிக்க நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், முழுசாக இல்லாவிட்டாலும் இதயம் நன்றாகவே தேறியிருக்கிறது என்றார். விரதம் கூடாது, மாத்திரை நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, நெருப்பில் இறங்குவதைப் பற்றித் தன்னிடம் கேட்கவே வேண்டாம் என்று கும்பிட்டார். நான் பூங்காவனத்திடம் என் பங்குக்கு ஒன்றே ஒன்று சொன்னேன். எந்தக் காரணத்துக்கும் ஓடாதே. ஓடினால் இளைக்கும்.

அடுத்த வருடத் திருவிழாவின் பத்தாம் நாள் மாலை வந்தது. காப்புக் கட்டியவர்கள் ஒவ்வொருவராகக் குழியில் இறங்கி நான்கு எட்டில் பாய்ந்து ஓடி, முடிவில் பாலும் தண்ணீரும் ஊற்றிய பள்ளத்தில் குதித்தார்கள். பூங்காவனத்தின் முறை வந்தது. இறங்கினாள். நடந்தாள். வாய்க்கால் ஓரம் நடப்பது போலவே, கையை வீசாமல், நிதானமாக. ஊரே ஓடு ஓடு என்று கத்தியது. ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினான். நானும்தான் கத்தினேன், ஓடித் தொலைடி என்று. அவள் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை.

பள்ளத்திலிருந்து கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தோம். இரண்டு பாதத்திலும் கொப்புளம். நான் மருந்துப் பெட்டியைத் திறந்துகொண்டே திட்டினேன்.

"கூட்டமே கத்துது, காது கேக்கலியா உனக்கு?"

"நீதான ஓடாதன்னு சொன்ன."

அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நான் களிம்பைக் கீழே வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "இன்னா, தண்ணியா சதையா?"

பள்ளம் விழவில்லை.

"சதைதான்" என்றேன்.

"அப்ப தட்டு" என்றாள்.